பிணி தீர்ப்போரைப் பேணுதல்
(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நம் குலத்துப் பெண்மக்கள் பலர் வைத்தியசாலைகளில் தாதியராய்த் தொண்டாற்றுகின்றனர். பிறர் பிணி தீர்க்கும் அவர்தம் உடலைக் காத்தல் நமது கடமையன்றோ?

நோயாளிக்கு இட்ட ஊசி தவறித் தாதியின் கையில் தைப்பின், ஹெபடைடிஸ் பி என்னும் ஈரல் நோய்க்கிருமி உட்புகக்கூடும். இதற்குத் தடுப்பூசி உண்டு. முதல் நாளிலும், 1 மாதங் கழித்தும், 6ஆம் மாதத்திலுமாக 3 முறை இட்டுக்கொள்ளல் வேண்டும். பின்னர் 1 அல்லது 2 மாதத்தில் இரத்தத்தைச் சோதித்து, காப்பு உண்டாயிற்றா என்றறிதலும் அவசியம். எய்ட்ஸ் கிருமிக்கோ தடுப்பூசியில்லை. ஆயினும் ஊசி தைத்தவுடன், 72 மணி நேரத்துக்குள்ளாகவேனும், மாத்திரை தொடங்கி 28 நாள் உட்கொள்ளின் தொற்று பெரும்பாலும் தடைப்படும்.

மருந்தென்று பெயர் பெற்றவையெல்லாம் காப்பாகா. 2020 மார்ச்சில் கொரோனாவைத் தடுக்கவென நம் நாட்டு மருத்துவப் பணியாளர்க்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் சிபார்சு செய்யப்பட்டது. 2021 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம், தடுப்புக்கு அதனை உபயோகித்தலாகாதென உரைத்தது.

களைப்புக்கு உறக்கத்தினும் மேலான மருந்தில்லை. களைத்த கையே ஊசியைத் தவறவிடும். ஆதலின் நாம் வேண்டுவது இதுவே: இராப்பணி முடித்து வரும் மகளையோ மருமகளையோ அடுப்பங்கரைக்கு ஏவாது உறங்கவிடுங்கள், ஊசி மூன்றும் முடிந்தனவா என்று இன்றே கேளுங்கள்.