குடல்வாழ் நுண்ணுயிர்கள் காவலாகுமா?

கிருமி என்ற சொல்லைக் கேட்டதும் பகை என்று எண்ணுவதே உலக வழக்கம். ஆயினும், மனிதனுடைய குடலிலே கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவற்றுட் பல அவனுக்கு நன்மையே புரிகின்றன. இத்தகைய நுண்ணுயிர்களை உயிருடன் உட்கொண்டு நலம் பெறலாம் என்ற கருத்தைப் பரப்பியவர் மெச்னிக்கோவ் என்னும் அறிஞர். பாரிசு நகரின் பாஸ்டர் நிலையத்திற் பணியாற்றிய அவர், நோயெதிர்ப்புப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1908ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். இன்று இந்நுண்ணுயிர்கள் 'புரோபயோட்டிக்' என்ற பெயரோடு மருந்துக் கடைகளில் விற்கப்படுகின்றன.

கடுந்தொற்று நேரும்போது, கிருமியை எதிர்த்து உடல் நடத்தும் போர் சிலவேளை கட்டுமீறிவிடுகிறது. அப்போது உடலின் சொந்த உறுப்புகளே சிதைவுறுகின்றன. இந்நிலையை வைத்தியர்கள் 'செப்சிஸ்' என்பர். இருதயத்தையும் மூளையையும் காக்கும் பொருட்டு உடல் குருதியை அப்பக்கம் திருப்ப, குடலுக்குச் செல்லும் குருதி குறைகிறது. குடலின் உட்சுவரோ ஒற்றை வரிசை உயிரணுக்களால் ஆனது. அது தளர்ந்தால், உள்ளிருக்கும் கிருமிகளும் நச்சுப் பொருள்களும் கசிந்து ஈரலையும் நுரையீரலையும் தாக்கும் என்பது அறிஞர் பலரின் கருத்து. அவ்வாறாயின், நல்ல நுண்ணுயிர்களை அனுப்பி அச்சுவரைக் காக்கலாகாதா?

இந்தியாவின் ஒடிசா மாநிலத்துக் கிராமங்களில் இவ்வினாவுக்கு ஊக்கமூட்டும் விடையொன்று கிடைத்தது. அங்கு 4,500க்கும் மேற்பட்ட பச்சிளங் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2017ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒரு பகுதியினருக்கு 'லக்டோபசிலஸ் பிளான்டாரம்' என்னும் நுண்ணுயிரும் அதற்கு உணவாகும் ஒருவகைச் சர்க்கரையும் ஏழு நாள்கள் கொடுக்கப்பட்டன. மற்றவர்களுக்கு மருந்தற்ற போலித்தூள் கொடுக்கப்பட்டது. பிறந்து 60 நாள்களுக்குள் செப்சிஸ் அல்லது மரணம் நேர்ந்தோர், போலித்தூள் பெற்றவர்களுள் நூற்றுக்கு 9. நுண்ணுயிர் பெற்றவர்களுள் நூற்றுக்கு 5.4. இவர்கள் போதிய எடையுடன் பிறந்து தாய்ப்பால் அருந்திய குழந்தைகள் என்பதை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

நெதர்லாந்து நாட்டு அனுபவம் இதற்கு நேர்மாறானது. கணையம் கடுமையாக அழற்சியுற்ற ஏறக்குறைய 300 நோயாளரிடம் நடந்த ஆய்வு 2008ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நுண்ணுயிர்க் கலவையால் தொற்றுக் குறையவில்லை. அதனைப் பெற்றவர்களுள் நூற்றுக்கு 16 பேர் மாண்டனர். பெறாதவர்களுள் நூற்றுக்கு 6 பேரே மாண்டனர். கலவை பெற்ற ஒன்பது பேருக்குக் குருதியோட்டமின்றிக் குடல் பழுதுற்றது. மற்றப் பகுதியினருள் ஒருவருக்கும் அவ்வாறு நேரவில்லை.

செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்த ஏறக்குறைய 2,650 நோயாளரிடம் நடந்து 2021ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்விலும், நுரையீரல் அழற்சி குறையவில்லை. அன்றியும், கொடுக்கப்பட்ட நுண்ணுயிரே நோயாளர் சிலரின் குருதி முதலான, கிருமி இருத்தலாகாத இடங்களிற் காணப்பட்டது.

இவற்றாற் பெறப்படுவது யாது? கோட்டைச் சுவர் உறுதியாயிருக்கும்போது வாயிலில் நிறுத்தப்படும் காவலன் வேறு; சுவர் இடிந்தபின் உள்ளே நுழையும் கூட்டம் வேறு. நுண்ணுயிரின் இனம், கொடுக்கும் காலம், பெறுபவரின் உடல்நிலை ஆகிய மூன்றும் பயனைத் தீர்மானிக்கின்றன. ஓரினம் நன்மை செய்ததென்பதால் எல்லா இனமும் நன்மை செய்யுமென்று கொள்வதற்கில்லை.

நலமுடையோர் உணவோடு தயிர் உண்பதற்கு இவை தடையல்ல. ஆனால், ஆஸ்பத்திரியில் ஆபத்தான நிலையிலிருக்கும் ஒருவருக்கோ, குறைமாதத்திற் பிறந்த சிசுவுக்கோ, 'நல்ல கிருமிதானே' என்றெண்ணி உறவினர் தாமாகவே இவற்றைக் கொடுத்தலாகாது. அன்பினாற் கொடுப்பதும் தீங்காய் முடியக்கூடும். வைத்தியரைக் கேட்டறிந்த பின்னரே எதையும் கொடுத்தல் நன்று.