விண்மீன் வாழ்வும் ஒரு மாணவனின் கணக்கும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

இத்துறைமுகக் கரையில் நின்று இரவு வானத்தை நோக்காதவர் திருகோணமலையில் இலர். கடலுக்குப் போவோர்க்கு அது மணிக்கூடு, மாலுமிக்கு வழிகாட்டி, வீட்டில் இருக்கும் பாட்டிமார்க்குப் பஞ்சாங்கம். கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை என்று பெயரிட்டு நாம் அழைக்கும் விண்மீன்கள் என்றும் மாறாதவை என்றே மக்கள் நெடுங்காலம் எண்ணினர். அவையும் பிறக்கின்றன, வளர்கின்றன, மூப்படைந்து மடிகின்றன என்பதைச் சர்வகலாசாலைகளின் ஆராய்ச்சி எமக்குக் காட்டியிருக்கின்றது. அவ்வாராய்ச்சியில் ஒரு பெரும் படியை எடுத்து வைத்தவன், எம்மை ஒத்த வயதுடைய ஒரு தமிழ் மாணவன். அவன் கதையைச் சொல்லுமுன் விண்மீனின் கதையைச் சிறிது சொல்வோம்.

மார்கழி, தை மாதங்களில் திருவாதிரைக்கு அருகே மூன்று விண்மீன்கள் ஒரே வரிசையாய் நிற்பதைக் காணலாம். அவற்றுக்குச் சற்றுத் தெற்கே புகை போன்ற ஓர் ஒளித்திட்டு உண்டு. அது வாயுவும் தூசியும் நிறைந்த பெருமுகில். விண்மீன்கள் பிறக்கும் தொட்டில். இன்று எம் கண்ணிற் படும் அதன் ஒளி அங்கிருந்து புறப்பட்டு ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் ஆயின. அம்முகிலின் ஒரு பகுதி தன் ஈர்ப்பினாலேயே சுருங்குகின்றது. சுருங்கச் சுருங்கச் சூடேறுகின்றது. நடுவே வெப்பம் ஒரு கோடி பாகை அளவுக்கு உயர்ந்ததும் ஐதரசன் ஈலியமாக மாறத் தொடங்கும். அன்றே விண்மீன் விளக்கேற்றிக் கொள்கின்றது. எமது ஞாயிறு உருவாகி 460 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

அப்போது எஞ்சிய வாயுவும் தூசியும் இளம் விண்மீனைச் சுற்றித் தட்டுப் போலச் சுழல்கின்றன. அத்தட்டிலே துகளோடு துகள் ஒட்டி, கல்லாகி, மலையாகி, முடிவில் கோளாகின்றது. நாம் நிற்கும் இப்பூமியும் அவ்வாறு திரண்டதே. 2014ஆம் ஆண்டு சில்லி நாட்டு மலைநிலத்தில் உள்ள அல்மா என்னும் தொலைநோக்கிகள், ரோகிணி இருக்கும் அதே இடப மண்டலத்தில், பத்து இலட்சம் ஆண்டு வயதுகூட நிரம்பாத ஒரு விண்மீனைப் படம் பிடித்தன. அதைச் சூழ்ந்த தட்டில் வளையம் வளையமாக இடைவெளிகள் தெரிந்தன. வளரும் கோள்கள் தூசியை வாரிக்கொண்ட தடங்களாக அவை இருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

வாழும் காலமோ எல்லா விண்மீனுக்கும் ஒன்றன்று. கார்த்திகைக் கூட்டம் ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டு வயதுடைய இளங்கூட்டம். திருவாதிரைக்கோ வயது ஒரு கோடி ஆண்டு அளவே. ஆயினும் அது சிவந்து பருத்து முதுமை எய்திவிட்டது. பெருஞ்செல்வத்தோடு பிறந்தவன் அளவின்றிச் செலவழித்து விரைவில் வறியவனாவது போல, நிறை மிகுந்த விண்மீன் தன் எரிபொருளை வேகமாகத் தீர்த்துவிடுகின்றது.

எரிபொருள் தீர்ந்தபின் என்ன ஆகும்? ஞாயிறு போன்ற விண்மீனின் கரு, பூமியளவான ஒரு சிறு பந்தாகச் சுருங்கும். அதனை வெண்குறுமீன் என்போம். நெருக்கப்பட்ட இலத்திரன்களின் எதிர்ப்பே அதை மேலும் சுருங்காது தாங்குகின்றது என்று கேம்பிறிட்ஜைச் சேர்ந்த பவுலர் 1926இல் விளக்கினார். எல்லா விண்மீன்களும் இவ்வாறே அமைதியாக அடங்கும் என்று அறிஞர் நம்பினர்.

இங்கேதான் எம் மாணவன் வருகின்றான். சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910இல் லாகூரிற் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்தரப் பாடசாலையிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்றவர். மகன் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகவேண்டும் என்பது தந்தையார் விருப்பம். தாயார் சீதாலட்சுமியோ, இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் பெயர்த்த அறிவுடைய பெண்மணி. தாம் நோயுற்றிருந்தும், மகன் விரும்பிய கல்விக்கே அவனை அனுப்பினார். 1930 ஜூலை 31ஆம் நாள் பம்பாயிற் கப்பலேறியபோது அவருக்கு வயது 19. அடுத்த ஆண்டே தாயார் காலமானார். மகன் அருகில் இல்லை.

அக்கப்பற் பயணத்திலே அவர் பவுலரின் கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்தார். மிகுந்த நெருக்கத்தில் இலத்திரன்கள் ஒளியின் வேகத்தை அண்மி ஓடுமே, அதைக் கணக்கிற் சேர்த்தால் என்ன? சேர்த்தார். விடை வியப்பளித்தது. ஞாயிற்றின் நிறையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட கருவை இலத்திரன்களால் தாங்க இயலாது, ஈர்ப்பே வெல்லும். எனவே பெருவிண்மீன்களின் முடிவு வேறாகத்தான் இருக்கவேண்டும்.

1935 ஜனவரி 11ஆம் நாள் இலண்டனில் அரச வானியற் கழகத்தில் அவர் இதனை எடுத்துரைத்தார். உடனே எழுந்தவர், அக்காலத்தின் தலைசிறந்த வானியல் அறிஞரான எடிங்டன். விண்மீன் இவ்வாறு நடப்பதை இயற்கையே தடுத்துவிடும் என்று சொல்லி நகையாடினார். கணக்கிற் பிழை காட்டினாரில்லை. சந்திரசேகர் பக்கமே நியாயம் என்று தனிமையில் ஒப்பிய பேரறிஞர் சிலரும் சபையில் வாய் திறந்தாரில்லை.

இளைஞர்களே, அவர் செய்ததைக் கவனியுங்கள். ஏசவுமில்லை, கணக்கை மாற்றவுமில்லை. 1937இல் சிக்காகோ சர்வகலாசாலையிற் சேர்ந்தார். 1939இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டுவிட்டு வேறு ஆராய்ச்சிக்குச் சென்றார். 1944இல் எடிங்டன் மறைந்தபோது அவரை மனமாரப் போற்றி உரையாற்றினார். 1983இல் நோபல் பரிசு வந்தது. ஞாயிற்றைப் போல் ஏறத்தாழ 30 மடங்கு நிறையுடைய இரு கருந்துளைகள் மோதி ஒன்றான அதிர்வு 2015 செப்டெம்பரில் பூமியிற் பதிவானது. நகைத்து ஒதுக்கப்பட்ட கணக்கு சுட்டிய வழியிலேயே பெருவிண்மீன்கள் சென்றிருந்தன. அவ்வெல்லையை நெருங்கிய வெண்குறுமீன் வெடித்துச் சிதறுவதும் உண்டு. உலகின் இரும்பிற் பெரும் பங்கு அத்தகைய வெடிப்புகளில் விளைந்தது. இத்துறைமுகத்தில் இறக்கும் நங்கூரத்திலும் எம் குருதியிலும் அந்த இரும்பே உள்ளது.

பெரியோரை மதிப்பது எம் பண்பு. ஆனால் மதிப்பு வேறு, உடன்பாடு வேறு. இரண்டையும் ஒருங்கே காக்கலாம் என்பதற்குச் சந்திரசேகரின் வாழ்வே சான்று. பெரியோர்களிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. இளையவன் ஒருவன் புதியது சொன்னால் அவன் வயதைப் பாராது, கணக்கைப் பாருங்கள். பிழையானால் காட்டுங்கள், சரியானால் சபையிலே சொல்லுங்கள்.

முடிவாக ஒரு வேண்டுகோள். எம் சங்கம் ஒரு நல்ல இருகண் தொலைநோக்கியை வாங்கட்டும். மாதம் ஒருமுறை, அமாவாசையை அண்மிய இரவில், கரையிலே கூடுவோம். கடலறிந்த பெரியவர்கள் தாம் வழங்கும் விண்மீன் பெயர்களைச் சொல்லட்டும். மாணவர் அவற்றின் வயதையும் வாழ்வையும் சொல்லட்டும். அடுத்த கணக்கைப் போடப்போகும் பிள்ளை அக்கூட்டத்திலேயே அமர்ந்திருக்கக் கூடும்.