மின்சார வண்டியும் நம் ஐயப்பாடுகளும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாம் பொறியியல் கற்றோமல்லோம். ரயில்வேயில் எழுத்தராய் இருப்போம். எனினும், ஹெப்பாள் தொழிற்பேட்டையின் அருகே குடியிருக்கும் நமக்கு மின்சார வண்டி என்பது வீட்டுக் கவலையேயாகும்.

மின்சாரத்தின்மீது நமக்குப் பகையில்லை. 1902-இல் சிவசமுத்திரத்து மின்சாரம் கோலார் தங்கவயலை எட்டியது. அச்சுரங்கங்களில் உழைத்த தமிழர் பல்லாயிரவர். சென்னையில் 1895 முதல் 1953 வரை மின்சார டிராம் ஓடிற்று. ஆகவே, மின்சாரத்தால் வண்டி ஓடுமா என்பதன்று நம் ஐயம்.

ரயில் எஞ்சின் தலைக்குமேலுள்ள கம்பியிலிருந்து மின்சாரத்தைப் பெற்றுக்கொண்டே ஓடுகிறது. காரோ, கட்டுச்சோற்றுடன் புறப்படும் வழிப்போக்கனைப்போல், பாட்டரியைச் சுமந்தே செல்லவேண்டும். அதற்கான லிதியத்தைச் சுத்திகரிப்பதில் சீனமே முன்னிற்கிறது. நம் நாட்டு மின்சாரத்திலோ ஏறத்தாழ முக்கால் பங்கு நிலக்கரியிற் பிறப்பது. புகை நம் தெருவை விட்டு அனல்மின் நிலையத்தார் ஊருக்குக் குடிபெயர்ந்தால் போதுமா?

இவற்றினும் பெரிய ஐயம் பிழைப்பைப் பற்றியது. மின்சார வண்டிக்கு அச்சும் பிரேக்கும் டயரும் வேண்டும். பிஸ்டனும் சைலன்சரும் வேண்டா. அவற்றைச் செய்து வாழ்வோர் என் செய்வர்? நம் மைசூர் யாதவகிரியில் 1961-இல் மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கிய ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டது. புதுவகை எஞ்சின்களின் போட்டியும் புகைக் கட்டுப்பாடும் அதனை நெருக்கின. அவ்வண்டிகளுட் சில இன்றும் நம் சாலைகளில் ஓடுகின்றன. அவற்றைச் செய்த வேலைதான் மறைந்தது.

மாற்றம் எப்போதும் இவ்வாறே முடியவேண்டும் என்பதில்லை. காசியிலுள்ள டீசல் எஞ்சின் தொழிற்சாலை மின்சார எஞ்சின் கட்டும் தொழிலுக்கு மாறி, 2020-இல் தன் பெயரிலிருந்து டீசலையும் நீக்கிக்கொண்டது. அங்கே பழைய எஞ்சின் போயிற்று, பட்டறை நிலைத்தது.

ஆதலின், மாற்றம் வேண்டாமென்று நாம் கூறவில்லை. மாறுவோர்க்குப் பயிற்சியும் அவகாசமும் வேண்டுமென்றே கூறுகிறோம். அரசும் ஆலைகளும் அதைச் செய்யட்டும். நம் சங்கமும், காலனிப் பிள்ளைகளுக்கு மோட்டாரும் பாட்டரியும் பயிற்றும் மாலை வகுப்பொன்றை இவ்வாண்டே தொடங்கவேண்டுமென வேண்டி அமைகிறோம்.