பூப்பெய்தாத மகளும் பெற்றோர் கடமையும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



யான் மருத்துவன் அல்லேன், இரயில்வே எழுத்தன். எனினும் மேடையில் பேசக் கூசும் ஒரு செய்தியை இன்று எடுத்துக்கொள்கிறேன். நாம் கூசுவதால் துன்புறுவோர் நம் பெண்மக்களே.

மகள் பூப்பெய்தினால் மஞ்சள் நீராட்டு நடத்தி ஊரையே அழைக்கிறோம். உரிய காலத்தில் பூப்பெய்தாவிடிலோ, தோஷம் என்று பரிகாரம் தேடுகிறோம். அயலார் அறியாமல் மறைக்கிறோம். 13 வயதாகியும் மார்பக வளர்ச்சி தோன்றாவிடினும், 15 வயதாகியும் மாதவிடாய் தொடங்காவிடினும் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். பலருக்கு இது காலத்தாழ்வே. சிலருக்கு அரிய காரணங்கள் உண்டு. அவற்றுள் இரண்டைக் கூறுவேன்.

முதலாவது, கன்னிச்சவ்வில் பிறவியிலேயே துளை இல்லாதிருத்தல். உதிரம் வெளியேற வழியின்றி உள்ளே தேங்கும். மாதந்தோறும் அடிவயிறு வலிக்கும். சிலவேளை சிறுநீரும் அடைபடும். இதனை வெறும் வயிற்றுவலி என எண்ணிக் கஷாயம் கொடுத்துக் காலம் கடத்தலாகாது. மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் சிறிய அறுவையால் இக்குறை தீரும். மணவாழ்விற்கும் மகப்பேற்றிற்கும் பெரும்பாலும் தடையிராது.

இரண்டாவது, கருப்பையே உருவாகாமை. ஏறத்தாழ 5,000 பெண்களுள் ஒருத்திக்குக் கருப்பையும் பிறப்புவழியின் மேற்பகுதியும் தாய் வயிற்றிலேயே வளராமற் போகின்றன. சினைப்பைகள் இயங்குவதால் புறத்தோற்றத்தில் வேறுபாடு இராது. சிலருக்குச் சிறுநீரகமும் ஒன்றே இருக்கும். ஆதலின் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பர். மாதவிடாயை வரவழைக்கும் மருந்து இதற்கில்லை. வீண்செலவு செய்யற்க. பிறப்புவழியைச் சிறுகச் சிறுக நீட்டும் சிகிச்சையால் இல்லறம் இயல்பாக நடத்தலாம். அதனை எப்போது தொடங்குவது என்பதை, வளர்ந்தபின் அவளே முடிவு செய்தல் வேண்டும், பெற்றோர் விரைவுபடுத்தலாகாது. 2014ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டில், இவ்வாறு கருப்பையின்றிப் பிறந்த பெண்மணி ஒருவர், 61 வயதுத் தோழி அளித்த கருப்பையைப் பொருத்திக்கொண்டு ஆண்மகவை ஈன்றார். அரிய சிகிச்சையாயினும், கதவு முற்றும் அடைபடவில்லை என்பதற்கு அது சான்று.

அன்பர்களே! இவை மகளின் குற்றமுமல்ல; ஈன்றவளின் குற்றமுமல்ல. உண்மையை மறைத்து அவசரமாக மணமுடித்து, பின்னர் அவளைப் புகுந்த வீட்டார் பழிக்க விடுவதே குற்றமாகும். மகளிர் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் கூறுவதை அவளும் உடனிருந்து கேட்கட்டும். அவள் உடலைப் பற்றிய உண்மை முதலில் அவளுக்கே உரியது.

இந்தக் காலனியில் எந்தப் பெண்ணும் தன் வலியைத் தாயிடம் சொல்ல அஞ்சாதிருப்பாளாக.