உளுந்தும் விதைப்போம், தென்னையும் வைப்போம்

பிள்ளைகள் பட்டம் வாங்குவதைக் காண வந்திருக்கும் பெற்றோரே, இன்று வேளாண் பட்டதாரிகளாகும் மாணவச் செல்வங்களே!

இது உங்களுக்குச் சோதனையான ஆண்டு என்பதை அறிவேன். கல்விக் கடனுக்குத் தவணை கட்டும் காலம் நெருங்குகிறது. எதிர்பார்த்த வேலை பலருக்கு இன்னும் கைக்கு வரவில்லை. உங்களுக்கு ஆறுதல் வார்த்தை சொல்வதைவிட, இதைவிடக் கொடிய ஓர் ஆண்டை நம் விவசாயிகள் எப்படிக் கடந்தார்கள் என்று சொல்வதே பயன்படும் என நினைக்கிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் தலைமுறையாகக் காய்த்த தோப்புகள் ஒரே இரவில் படுத்துவிட்டன. சாயாமல் நின்றவற்றிலும் குருத்து முறிந்த மரங்கள் பட்டுப்போயின. தென்னைக்குக் குருத்து ஒன்றுதான் என்று நீங்கள் படித்திருக்கிறீர்கள். 45 நாளுக்கு ஒரு வெட்டு என்று வந்த காசில் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்களுக்கு அன்று அடுத்த வெட்டே இல்லாமல் போனது.

அடுத்த ஆண்டு பேராவூரணிப் பக்கம் ஒரு தோப்புக்குப் போயிருந்தேன். விழுந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்தியிருந்தார்கள். 25 அடிக்கு ஒன்றாக, மூன்றடி ஆழக் குழிகளில் தென்னம்பிள்ளைகள் நின்றன. நடுவில் வாழை. மிச்ச இடத்தில் உளுந்து காய்த்திருந்தது. தோப்புக்கார அம்மா காய் பறித்துக்கொண்டே சொன்னார்: “உளுந்து வீட்டுச் செலவுக்கு, வாழை வட்டிக்கு, தென்னை பிள்ளைகளுக்குங்க.”

அந்த ஒரு வரியில் முழுத் திட்டமும் இருக்கிறது. உளுந்து சுமார் 70 நாளில் கைக்கு வரும். வாழை தார் போட்டு வெட்ட ஓராண்டு ஆகும். நெட்டைத் தென்னை பலன் தர ஆறேழு ஆண்டுகள் வேண்டும். தென்னையை மட்டும் நம்பியிருந்தால் அந்தக் குடும்பம் பசியில் தோற்றிருக்கும். உளுந்தோடு நின்றிருந்தால் தோப்பு திரும்பியே வந்திருக்காது. இரண்டையும் ஒரே நிலத்தில், ஒரே பருவத்தில் தொடங்கியதுதான் அவர்களைக் காப்பாற்றியது. நம்பிக்கை என்று நான் சொல்வது இந்த ஏற்பாட்டைத்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர்கள் முதலில் செய்தது துப்புரவு வேலை. மட்கும் தென்னந்தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அதில் வளரும் வண்டுகளே பிறகு புதுப் பிள்ளையின் குருத்தைக் குடையும். பழைய இழப்பை அப்படியே கிடக்க விட்டால் அது புதியதையும் தின்றுவிடும். இந்த அறிவை வயலுக்குக் கொண்டுபோகத்தான் உங்களுக்குப் பட்டம் தருகிறோம். வண்டின் புழுக்களைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சையை எருக்குழியில் எப்படி இடுவது, வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையம் தந்த ரகங்களில் அவரவர் மண்ணுக்கு எது பொருந்தும் என்றெல்லாம் இடிந்துபோய் உட்கார்ந்திருக்கும் விவசாயியிடம் பக்கத்தில் அமர்ந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள்தான்.

உங்கள் வாழ்க்கைக்கும் இதே வரிசையைச் சொல்வேன். தவறிப்போன தேர்வையும் கிடைக்காத வேலையையும் மனதில் மட்க விடாதீர்கள். 70 நாளில் பலன் தரும் ஒரு வேலையை இந்த மாதமே தொடங்குங்கள். மண் பரிசோதனையோ, நாற்றங்காலோ, சிறு சம்பளமோ, எதுவானாலும் கௌரவக் குறைவு இல்லை. கூடவே ஏழாண்டு உழைக்க வேண்டிய ஒன்றையும் இன்றே ஊன்றுங்கள். இதற்குள் யாராவது உதவி கேட்டு வந்தால், ‘எனக்கே நேரம் சரியில்லை’ என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள்.

பெற்றோரே, பிள்ளைகளுக்கு அந்த ஏழாண்டு அவகாசத்தைத் தாருங்கள். மாணவச் செல்வங்களே, உங்கள் படிப்பு உழவர்களுக்குப் பயன்படட்டும். உங்கள் வாழ்வும் செழிக்கட்டும்.