விசாவுக்கு முன்னால் பார்க்க வேண்டிய காகிதங்கள்

(பெற்றோர், இளைஞர் கூட்டத்தில் நமது அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரை)

 

ஐடிஐ முடித்துவிட்டு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் கான்ட்ராக்டில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலர் வெளிநாடு போக நினைக்கிறார்கள். எங்களிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த நாட்டில் சம்பளம் அதிகம்?" என்றுதான். நாங்கள் திருப்பிக் கேட்பது, "உங்கள் கையில் என்ன சான்று இருக்கிறது?" என்று.

ஜெர்மனியைப் பாருங்கள். அனுபவத்தை வைத்துப் போகும் வழியில், நம் அரசு அங்கீகரித்த குறைந்தது 2 ஆண்டுத் தொழிற்படிப்பும், கடைசி 5 ஆண்டுகளுக்குள் 2 ஆண்டு அனுபவமும் கேட்கிறார்கள். ஐடிஐயில் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் 2 ஆண்டு. வெல்டர் 1 ஆண்டுதான். ஒரே ஷிப்டில் பக்கத்தில் பக்கத்தில் நின்றவர்களில் ஒருவருக்கு அந்த வழி உண்டு, மற்றவருக்கு இல்லை.

அனுபவச் சான்று இன்னொரு தலைவலி. வேலை பார்த்தது பெரிய கம்பெனியில், சம்பளம் போட்டது கான்ட்ராக்டர். இரண்டு வருடம் கழித்துத் தேடினால் அந்தக் கான்ட்ராக்டரின் ஆபீசே அங்கு இருக்காது. என்ன வேலை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று லெட்டர்பேடில் இப்போதே எழுதி வாங்குங்கள். சம்பளச் சீட்டு, பி.எஃப். பாஸ்புக் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

வெல்டர் தம்பிகள் சோர்ந்துவிட வேண்டாம். ஜப்பான் 2019-இல் தொடங்கிய திறன் தொழிலாளர் விசாவுக்கு 2021-இல் இந்தியாவுடன் ஒப்பந்தம் ஆனது. அங்கே தேர்வுதான் பெரிது: தொழில் தேர்வு ஒன்று, என்4 அளவில் ஜப்பானிய மொழி ஒன்று. ஆனால் முதல் வகை விசா பொதுவாக 5 ஆண்டுதான். மனைவி, பிள்ளைகளை அழைத்துக்கொள்ள முடியாது. நிக்காஹ் பேசியிருக்கும் வீடுகளில் இதைப் பெண் வீட்டாரிடம் முன்னதாகவே சொல்லிவிடுவது நல்லது.

பிரிட்டனில் முதியோர் பராமரிப்பு விசா என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து புதிதாக அதற்கு ஆள் எடுப்பது 2025 ஜூலை 22-உடன் நின்றுவிட்டது.

வளைகுடாவுக்கு, பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் இ-மைகிரேட் அனுமதியோடுதான் வேலைக்குப் போக வேண்டும். "விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்பதை நம்பிப் போனால் ரூ.10 லட்சம் காப்பீடும் கிடைக்காது, முதலாளி ஏமாற்றினால் காட்ட ஒப்பந்தமும் இருக்காது.

பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் ரூ.30,000-மும் ஜிஎஸ்டியும். லட்சக்கணக்கில் கேட்கிறார் என்று நகையை வட்டிக்கு வைக்கக் கிளம்புமுன், அவருடைய பதிவு எண்ணை இ-மைகிரேட் தளத்தில் பாருங்கள். பார்க்கத் தெரியாவிட்டால் பாஸ்போர்ட், ஐடிஐ சான்று, அந்த ஆஃபர் லெட்டர் மூன்றையும் எடுத்துக்கொண்டு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம்.