மீமுரேயில் பாணி காயும் இரவு

மலைநாட்டில் ஓர் இரவு தங்கி வர நல்ல இடம் சொல்லுங்கள் என்று கேட்பவர்களுக்கு நான் யோசிக்காமல் சொல்லும் பெயர் மீமுரே. கண்டி மாவட்டத்தின் ஓரத்தில், நக்கிள்ஸ் மலைகளுக்குள் இருக்கும் சிறிய சிங்களக் கிராமம் அது. வயல், மிளகுக் கொடி, ஏலம், சுற்றிலும் காடு.

வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்டியிலிருந்து மஹியங்கனை வீதியில் வந்து ஹுன்னஸ்கிரியவில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். அதற்குப் பிறகு சுமார் 30 கிலோமீற்றர்தான், ஆனாலும் இரண்டு மணித்தியாலமாவது பிடிக்கும். லூல்வத்தையைத் தாண்டினால் கோர்பட்ஸ் கெப் என்ற கணவாய். காற்று ஆளையே தள்ளும். அங்கே கட்டாயம் இறங்கிப் பாருங்கள். 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த மலைத்தொடர் கண்முன்னே விரிந்து கிடக்கும். பிறகு இறக்கம், கல்லும் குழியும் நிறைந்த பாதை. அடிப்பாகம் உயர்ந்த வாகனமும், அந்தப் பாதையை அறிந்த சாரதியும் வேண்டும். மழை பிடித்த நாளில் போகவே வேண்டாம்.

ஊருக்குள் நுழைந்ததும் லக்கேகல தெரியும். கூர்மையாக நிமிர்ந்த பாறை மலை. இராவணனின் வானூர்தி அங்கிருந்துதான் கிளம்பியது என்பது ஊர்வழக்கு. வருகிறவர்களில் பலர் அதைப் படம் பிடித்து, ஆற்றில் குளித்து, சோறு சாப்பிட்டு, வெயில் சாயமுன் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் மனவருத்தம். மீமுரேயின் அருமையான வேலை பொழுதுபட்ட பிறகுதான் அடுப்பில் ஏறுகிறது. நான் சொல்வது கித்துள் பாணியை.

தயிரோடு ஊற்றிச் சாப்பிடுகிறோமே, அந்தப் பாணி எப்படி வருகிறது தெரியுமா? கித்துள் ஒரு பனை இனம். தமிழ்நாட்டில் கூந்தல்பனை என்பார்கள். அது வளர்ந்து முதல் பாளை தள்ளவே பத்து வருடத்துக்கு மேல் ஆகலாம். முதல் பாளை உச்சியில் வரும், அடுத்தது அதற்குக் கீழே, இப்படி மேலிருந்து இறங்கி வந்து, கடைசிப் பாளையோடு மரமும் பட்டுப்போகும். பாளை விரியுமுன்னே அதன் அடியில் சின்னதாக வெட்டி, மருந்து வைத்துக் கட்டுகிறார்கள். சாம்பல், உப்பு, சுண்ணாம்பு, மிளகு, உள்ளி என்று பலதும் சேர்த்து அரைத்த மருந்து. எது எவ்வளவு என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். வெளியாருக்குச் சொல்லமாட்டார்கள்.

நான் உணவு பதனிடும் தொழிலைக் கற்பிக்கிறவன். என் வகுப்பில் இந்த மலைப்பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். பாணி காய்ச்சும் முறையை விளக்கி எழுதச் சொன்னேன். மரம் ஏறுவதிலிருந்து போத்தலில் அடைப்பது வரைக்கும் எழுதியவன், மருந்து என்று தலைப்புப் போட்ட இடத்தில் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. கூப்பிட்டுக் கேட்டேன். "சேர், அதை அப்பா எனக்கே இன்னும் சொல்லித் தரவில்லை" என்றான். அதற்காக நான் ஒரு புள்ளிகூடக் குறைக்கவில்லை.

அந்தப் பையனின் வீட்டில் தங்கித்தான் நான் பாணி காய்ச்சுவதை முழுதாகப் பார்த்தேன். காலையிலும் மாலையிலும் மரத்தில் ஏறிப் பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவி, சொட்டிய பதநீரை இறக்க வேண்டும். பதநீர் புளித்துக் கள்ளாகிவிடாமல் இருக்க, முட்டிக்குள் ஹல் மரத்துப் பட்டைத் துண்டு போடுவார்கள். அப்படியும் வைத்திருக்க முடியாது, நேயர்களே. மாலையில் இறக்கியதை அன்றைக்கே காய்ச்ச வேண்டும். துணியில் வடித்துத் தாச்சியில் ஊற்றி, விறகை இழுத்தும் தள்ளியும் நெருப்பை அளந்து எரிக்கிறார் அந்த வீட்டு அம்மா. நுரை பொங்கப் பொங்க அகப்பையால் எடுக்கிறார். 6 முதல் 8 போத்தல் பதநீர் வற்றினால்தான் ஒரு போத்தல் பாணி. அதற்கும் மேலே காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. எனக்கு ஒரு கரண்டி பாணி சுடச்சுடத் தந்தார்கள். முதலில் இனிப்பு, பிறகு புகை வாசம், தொண்டையில் இறங்கும்போது மெல்லிய கசப்பு. கடையில் வாங்கும் பாணியில் சீனியின் தித்திப்பைத் தவிர வேறொன்றும் இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். சீனிப்பாகு கலப்பது சுலபம், இலாபமும் கூட. உயரமான மரத்தில் தினமும் இரண்டு தடவை உயிரைப் பணயம் வைத்து ஏறுகிறவரின் வயிற்றில் அடிக்கிற வேலை அது.

இந்த வேலையை விட்டு ஊர்ப் பிள்ளைகள் கண்டிக்கும் கொழும்புக்கும் வேலை தேடிப் போகிறார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன். மரத்திலிருந்து விழுந்து நடக்க முடியாமல் போனவர்களை நானும் பார்த்திருக்கிறேன். பாணிக்கு நியாயமான விலையும், ஏறுகிறவருக்குப் பாதுகாப்புக் கயிறும் காப்புறுதியும் கிடைத்தால், சிலராவது ஊரில் நிற்பார்கள் என்பதுதான் என் எண்ணம்.

நேரம் நெருங்குகிறது. காட்டுக்குள் நடக்கப் போகிறவர்கள் அட்டைக்குக் காலுறை கொண்டு போங்கள். பிளாஸ்டிக் போத்தல்களைத் திருப்பிக் கொண்டு வாருங்கள். தங்கும் வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அப்போதுதான் அவர்கள் சமைக்க வசதி. வரும்போது அந்த வீட்டிலேயே, கேட்ட விலையைக் கொடுத்து, ஒரு போத்தல் பாணி வாங்குங்கள். என் மாணவன் இப்போது ஊரோடுதான் இருக்கிறான். இந்தப் பாளைக் காலத்திலாவது அவனுடைய அப்பா அந்த மருந்தை அவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.